பதின்மூன்றுக்கு ஐந்து: பென்சில்வேனியாவின் தொகுதி வரைபடத்தைக் கணக்கு பிடித்த விதம்

2012 நவம்பரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்காகப் பென்சில்வேனியாவின் 18 தொகுதிகளிலும் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க விழுந்த வாக்குகளைக் கூட்டினால், ஜனநாயகக் கட்சிக்குக் குடியரசுக் கட்சியைவிடச் சுமார் 83,000 வாக்குகள் கூடுதல். ஆனால் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தவை 5 இடங்கள். குடியரசுக் கட்சிக்கு 13. 2014இல் ஜனநாயகக் கட்சியின் வாக்கு 44% அளவுக்கு இறங்கியது. அப்போதும் 13–5. 2016இல் 46% பக்கம் ஏறியது. மறுபடியும் 13–5. வாக்குகள் ஆறு புள்ளி ஏறி இறங்கியும் ஓர் இடம்கூடக் கைமாறவில்லை.

இதை மட்டும் காட்டி மோசடி என்று சொல்லிவிட முடியாது. அதிக வாக்கு பெற்றவருக்கே தொகுதி என்ற முறை உள்ள எங்கும் வாக்கும் இடமும் ஒரே விகிதத்தில் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக சுமார் 44% வாக்குகளோடு 39இல் 37 இடங்களைப் பிடித்தது. அதற்கு யாரும் கோடுகளை வளைக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய கேள்வி வேறு. அதே மக்கள், அதே ஊர்கள், அதே வாக்குகள். கட்சி நினைப்பே இல்லாமல் ஒருவர் கோடு போட்டிருந்தால் எத்தனை இடங்கள் வந்திருக்கும்? இந்த வரைபடத்தை எதிர்த்து 2017இல் தொடுத்த பென்சில்வேனியா வழக்கில் கணிதம் பதில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ‘தொகுதி மறுவரையறை’ என்றதும் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற சண்டைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. மாநிலத்தின் இட எண்ணிக்கை முடிவாகிவிட்டது, தொகுதிகளின் மக்கள்தொகையும் சமம். எல்லைக் கோடு எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதில் மட்டுமே சூழ்ச்சி. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி பல்லி போன்ற சாலமாண்டரைப் போல நெளிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், ஜெர்ரிமேண்டரிங்.

கோடு எங்கே போனது

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவில் 1,27,02,379 பேர். இடங்கள் 19இலிருந்து 18 ஆகக் குறைந்தன. 18ஆல் வகுத்தால் தொகுதிக்கு 7,05,687 அல்லது 7,05,688 பேர். 2011இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. அந்தக் கட்சி வரைந்த வரைபடம் இந்த எண்ணை ஒரே ஓர் ஆள் வித்தியாசத்தில் பிடித்தது. சமத்துவத்தை மக்கள்தொகையால் மட்டும் அளந்தால் அதில் குறையே இல்லை.

மற்றபடி என்ன நடந்தது என்பதைச் சில ஊர்களை வைத்துப் பார்க்கலாம். ஏரிக்கரை நகரம் இருக்கும் எரீ கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இரண்டாகப் பிளந்து 3ஆம், 5ஆம் தொகுதிகளுக்குப் போனது. தலைநகர் ஹாரிஸ்பர்க்கும் இரண்டு துண்டு. ஜனநாயகக் கட்சி வாக்குகள் மிகுந்த ரீடிங் நகரம், அதைச் சுற்றியுள்ள பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து உருவப்பட்டு, லான்காஸ்டரை மையமாகக் கொண்ட தொகுதியில் செருகப்பட்டது. அலென்டவுன், பெத்லகேம், ஈஸ்டன் மூன்றும் ஒட்டிக் கிடக்கும் நகரங்கள். இவற்றில் ஈஸ்டனை மட்டும் பிய்த்து, வடக்கே ஸ்க்ராண்டன், வில்க்ஸ்-பாரி நகரங்களோடு 17ஆம் தொகுதியில் சேர்த்தார்கள். மான்ட்கோமெரி கவுண்டியில் சுமார் 8 லட்சம் பேர். ஒரு தொகுதி முழுதாக அமைந்து மிச்சமும் இருக்கும். அதை ஐந்து தொகுதிகளுக்குப் பங்கிட்டார்கள். பிலடெல்பியாவின் மேற்குப் புறநகரை வளைத்த 7ஆம் தொகுதி பார்ப்பதற்கு ‘கூஃபி, டொனால்ட் டக்கை உதைப்பது போல’ இருக்கிறது என்று ஊரே சிரித்தது. கிங் ஆஃப் பிரஷ்யாவில் அதன் அகலம் ஓர் உணவகக் கட்டடத்தின் அளவுதான்.

இரண்டு கைவேலைகள் இதில் உண்டு. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் அடைத்துத் திணிப்பது ஒன்று. மீதிப் பேரைப் பல தொகுதிகளில் தோற்கும் அளவுக்குத் தூவிவிடுவது இன்னொன்று. 2012இல் ஜனநாயகக் கட்சி வென்ற 5 தொகுதிகளில் அதன் சராசரி வாக்கு சுமார் 76.4%. குடியரசுக் கட்சி வென்ற 13இல் அதன் சராசரி சுமார் 59.5%. இந்த இரு எண்களிலேயே முழுச் செய்முறையும் இருக்கிறது. 5 தொகுதியில் 76.4, 13 தொகுதியில் 40.5, கூட்டி 18ஆல் வகுத்துப் பாருங்கள், 50.5 வரும். மாநிலத்தின் பாதி வாக்குக்குக் கிடைத்தது ஐந்தே இடம். 59.5 என்ற எண்ணும் தற்செயலாகத் தெரியவில்லை. 52, 53 என்று நூலிழையில் வென்றால் ஓர் அலையில் எல்லாம் போய்விடும். 70 என்று வென்றால் வாக்கு வீண். ஆறு புள்ளி ஏறி இறங்கினாலும் தாங்கும் மதில் 59.5.

வீண் வாக்குக் கணக்கு

வழக்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக அரசியல் அறிவியலாளர் கிறிஸ்டோபர் வார்ஷா கொண்டுவந்தது ‘திறன் இடைவெளி’ என்ற அளவு. தோற்றவருக்கு விழுந்த எல்லா வாக்கும் வீண். வென்றவருக்குப் பாதிக்கு மேல் விழுந்ததும் வீண். இரு கட்சிகளின் வீண் வாக்குகளையும் மாநிலம் முழுக்கக் கூட்டி, வித்தியாசத்தை மொத்த வாக்கால் வகுக்க வேண்டும்.

மேலே சொன்ன சராசரிகளை வைத்தே போட்டுப் பார்க்கலாம். தொகுதிக்கு 100 வாக்கு என்று கொள்வோம். திணித்த தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கு 26.4 வீண், எதிரிக்கு 23.6 வீண். தூவிய தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கு 40.5, எதிரிக்கு 9.5. மொத்தம்: ஒரு பக்கம் 132 + 526.5 = 658.5, மறுபக்கம் 118 + 123.5 = 241.5. வித்தியாசம் 417. அதை 1,800ஆல் வகுத்தால் 23%. உண்மையான வாக்குகளோடு வார்ஷா கணக்கிட்டது 2012க்கு 24%, 2014க்கு 15%, 2016க்கு 19%, மூன்றும் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2016இல் குடியரசுக் கட்சிக்குச் சுமார் 54% வாக்கு. ‘இட விகிதம் கழித்தல் பாதி, அதிலிருந்து வாக்கு விகிதம் கழித்தல் பாதியின் இரு மடங்கைக் கழி’ என்ற சுருக்கச் சூத்திரத்தில் இதை அப்படியே போட்டால் 14%தான் வரும். காரணம், அந்த ஆண்டு மூன்று தொகுதிகளில் போட்டியே இல்லை. எதிராளி இல்லாத இடத்தில் விழும் 100% வாக்கு அந்தத் தொகுதியின் மனநிலையைக் காட்டாது. அதே தொகுதி குடியரசுத் தலைவர் தேர்தலில் எப்படி வாக்களித்தது, முந்தைய தேர்தல்களில் என்ன செய்தது என்று பார்த்து மதிப்பீட்டு எண்ணை நிரப்பிய பிறகே கணக்கு ஓட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் செய்யும் அலசல்களை இணையத்தில் நிறையப் பார்க்கலாம், நம்பாதீர்கள்.

இந்த அளவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரே வரைபடத்தின் எண், தேர்தலுக்குத் தேர்தல் ஆடும். தவிர, பூகோளத்தையும் சூழ்ச்சியையும் அதால் பிரித்துச் சொல்ல முடியாது. ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். யார் கோடு போட்டாலும் கொஞ்சம் ‘திணிப்பு’ தானாகவே நடக்கும். குடியரசுக் கட்சித் தரப்பின் முக்கிய வாதமும் இதுதான். நியாயமான வாதம். அதற்கு ஒற்றை எண்ணால் பதில் சொல்ல முடியாது.

கோணலான வடிவம் போதுமான சாட்சியா?

வடிவத்தை அளக்க இரண்டு அளவுகள் வழக்கமானவை. போல்ஸ்பி–பாப்பர்: பரப்பளவை 4π-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. ரியாக்: தொகுதியை அடக்கும் மிகச் சிறிய வட்டத்தில் தொகுதி எவ்வளவு நிரப்புகிறது என்பது. 2011 வரைபடத்தின் சராசரி முறையே 0.164, 0.278. மோசம்தான். ஆனால் ஆறும் கடற்கரையும் நெளியும் இடத்தில் நல்ல தொகுதிக்கும் மதிப்பெண் குறையும். கூர்மையான வரைபடக் கோப்பில் சுற்றளவு நீளும், மழுங்கிய கோப்பில் குறையும். வெவ்வேறு கோப்புகளில் அளந்த எண்களை ஒப்பிடுவது வெற்றுவேலை. அதைவிட முக்கியம், கணினி கையில் இருந்தால் அழகான கட்டங்களாகவே வரைந்தும் ஏமாற்றலாம்.

ஆயிரம் மாற்று வரைபடங்கள்

ஒப்பிட நடுநிலையான வரைபடங்கள் வேண்டும். எல்லாவற்றையும் எண்ணிவிடலாமே என்றால் முடியாது. 9க்கு 9 கட்டத்தை 9 சமத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் தொடர்ச்சியாக இருக்கும்படி பிரிக்க மட்டுமே 70,61,52,94,74,68,301 வழிகள். அதாவது 7 கோடிக் கோடியைத் தாண்டும். பென்சில்வேனியாவில் வாக்குச்சாவடிப் பகுதிகள் சுமார் 9,000. ஆகவே மாதிரிதான் எடுக்க வேண்டும்; மாதிரியை எப்படி எடுத்தோம் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோவி சென் 1,000 வரைபடங்களைக் கணினியில் உருவாக்கினார். முதல் 500க்கு மரபான நிபந்தனைகள் மட்டும்: சம மக்கள்தொகை, தொடர்ச்சி, கச்சிதமான வடிவம், கவுண்டிகளையும் ஊராட்சிகளையும் கூடியவரை உடைக்காமை. கட்சி விவரம் நிரலுக்குள் போகவே இல்லை. வரைந்து முடித்த பிறகுதான் வாக்குகளை மேலே வைத்துப் பார்த்தார். அதற்கு எடுத்தவை 2008, 2010 ஆண்டுகளின் மாநிலம் தழுவிய தேர்தல்கள். 2011இல் கோடு போட்டவர்கள் கையில் எந்தத் தகவல் இருந்ததோ அதையே வைத்து அளப்பது நேர்மை. மாநிலம் தழுவிய தேர்தலை எடுத்ததற்கும் காரணம் உண்டு: எல்லாத் தொகுதியிலும் அதே இரு வேட்பாளர்கள் என்பதால் எங்கே கோடு போட்டாலும் வாக்குகளைக் கூட்டலாம்.

2011 வரைபடம் 67 கவுண்டிகளில் 28ஐ உடைத்தது. சென்னின் 500 வரைபடங்களில் அது 11 முதல் 16 வரைதான். ஊராட்சிகளில் 68 உடைப்பு. மாதிரிகளில் 40 முதல் 58. வடிவ மதிப்பெண் எந்த மாதிரியிலும் 2011 அளவுக்குக் கீழே போகவில்லை. குடியரசுக் கட்சிக்கு வந்த இடங்கள் பெரும்பாலும் 8, 9, உச்சம் 10. ஐந்நூறில் ஒன்றுகூட 13ஐத் தொடவில்லை.

என் பார்வையில் இந்த அறிக்கையின் சிறந்த பகுதி சராசரி–இடைநிலை வித்தியாசம். 18 தொகுதிகளில் ஒரு கட்சியின் வாக்குச் சதவீதங்களை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்து, சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. மாதிரிகளில் இது 0க்குச் சற்று மேலிருந்து 4% வரை, குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக. அந்தக் கட்சி சொன்ன பூகோளச் சாதகம் இதுவே; சென் அதை மறுக்கவில்லை, அளந்து காட்டினார். 2011 வரைபடத்தில் அது சுமார் 6%. பூகோளம் தருவது நாலு வரை, மிச்சத்தைத் தந்தது பேனா.

பதவியில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் கோணலாக வரைந்தார்கள் என்ற சாக்கு வரும் என்று தெரிந்ததால் இரண்டாவது 500. 19 உறுப்பினர்களில் 17 பேரை ஒருவரோடு ஒருவர் மோதவிடாத வரைபடங்கள் மட்டும். 17 ஏன் என்றால் 2011 வரைபடம் காப்பாற்றியதும் 17 பேரைத்தான். ஜனநாயகக் கட்சியின் இருவரை ஒரே தொகுதியில் தள்ளி மோதவிட்டிருந்தது. இந்தத் தொகுப்பிலும் 13 வரவில்லை. பிலடெல்பியாவில் கறுப்பின வாக்காளர் பெரும்பான்மையுள்ள தொகுதியைக் காக்கும் வரைபடங்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் வரவில்லை.

லட்சம் கோடி அடிகள்

சென்னின் முறையில் ஒரு ஓட்டை உண்டு. அவருடைய நிரல், சாத்தியமான எல்லா வரைபடங்களிலிருந்தும் பாரபட்சமின்றிப் பொறுக்குகிறதா? அதற்கு நிரூபணம் கிடையாது. குறிப்பிட்ட வகை வரைபடங்களையே அது அதிகம் தொடலாம். எதிர்த்தரப்பு நிபுணர்கள் பிடித்த இடம் இது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் வெஸ்லி பெக்டன் வேறு வழியில் வந்தார். மரியா சிகினா, ஆலன் ஃப்ரீஸ் ஆகியோருடன் சேர்ந்து 2017இல் அவர் வெளியிட்ட தேற்றம்தான் கருவி. செய்முறை எளிது. சர்ச்சைக்குரிய வரைபடத்திலிருந்தே தொடங்க வேண்டும். எல்லையில் இருக்கும் ஏதோ ஒரு வாக்குச்சாவடிப் பகுதியைக் குலுக்கலில் எடுத்து, அதைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். தொடர்ச்சி அறுந்தால், மக்கள்தொகை வரம்பு மீறினால், வடிவம் அனுமதித்ததைவிடக் கெட்டால், கவுண்டி உடைப்பு கூடினால் அந்த மாற்றம் செல்லாது, பழைய நிலையிலேயே நிற்கும். செல்லுபடியானால் அடுத்த அடி. இப்படிச் சுமார் ஒரு லட்சம் கோடி அடிகள். ஒவ்வோர் அடியிலும் கட்சிச் சாய்வைக் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

இப்படிக் குலுக்கலில் அடியெடுத்துப் போகும் நடைக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். அது தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: இந்த நடை எல்லா வரைபடங்களையும் நன்றாகக் கலந்து தொட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்? தெரியாது. வாழ்நாள் முழுக்க ஓடவிட்டாலும் தெரியாது. தேற்றத்தின் அழகே, அது தெரிய வேண்டியதில்லை என்பதுதான். தொடக்க வரைபடம் குறிப்பிட்ட பரவலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்ததாக இருந்தால், நடையில் கண்ட எல்லா வரைபடங்களிலும் அது மிக மோசமான ஒரு சிறு பங்குக்குள் (அந்தப் பின்னத்தை ‘இ’ என்போம்) விழும் வாய்ப்பு, 2 இ என்பதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது.

நிரூபணத்தின் சாரத்தைப் பத்து வரியில் சொல்லலாம். அந்த வாய்ப்பைப் ‘ப’ என்போம். ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு தனித்தனி நடைகளை விட்டால், இரண்டிலுமே அது மோசமான இ பங்குக்குள் விழும் வாய்ப்பு குறைந்தது ப-வின் வர்க்கம். சங்கிலி முன்னும் பின்னும் ஒரே மாதிரி நடப்பதால், ஒரு நடையைப் பின்னோக்கித் திருப்பி இரண்டையும் ஒட்டலாம். நம் வரைபடம் நடுவில் நிற்கும் ஒரே நீள நடையாகிவிடும். அதில் நம் வரைபடத்தை உள்ளடக்கி ஒற்றை நடையின் நீளத்துக்கு எந்தச் சன்னலை வெட்டினாலும், அதைவிட மோசமானவை 2 இ பங்குக்குள்தான். ஆனால் சன்னலின் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும் வரைபடம் மிக மோசமான 2 இ பங்குக்குள் இருக்க வாய்ப்பு 2 இ-தானே? ஆக ப-வின் வர்க்கம் 2 இ-ஐத் தாண்டாது. முடிந்தது.

எண் போட்டால் இதன் வலு தெரியும். பெக்டனின் சோதனையில் 2011 வரைபடம் 99.999999% வரைபடங்களைவிடச் சாய்வானது. அதாவது இ என்பது பத்துக் கோடியில் 1. இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7,000இல் 1. பத்துக் கோடியிலிருந்து ஏழாயிரத்துக்கு இறங்கியது, கலந்துவிட்டது என்று நிரூபிக்க முடியாததற்குக் கட்டும் அபராதம். அதைக் கட்டிய பிறகும் 7,000இல் 1 என்றால் தாராளம்.

பூகோள வாதத்துக்கும் இதில் நேரடியான பதில் இருக்கிறது. தொடக்க வரைபடத்தில் ஒரு சாவடி இங்கே, இரண்டு சாவடி அங்கே என்று குலுக்கலில் மாற்றியதுமே சாய்வு குறையத் தொடங்கிவிட்டது. பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது ஓரங்கள் மட்டும். கட்சி எண்ணமின்றி வரைந்த வரைபடத்தை லேசாகக் கலைத்தால் சாய்வு ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். எந்தப் பக்கம் தட்டினாலும் இறங்கினால் அது மலை உச்சியில் வைத்த கல். யாரோ தூக்கிக்கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றத்தில்

2017 ஜூனில் பெண் வாக்காளர் கழகத்தின் மாநிலக் கிளையும் தொகுதிக்கு ஒருவராக 18 வாக்காளர்களும் வழக்குத் தொடுத்தார்கள். புத்திசாலித்தனமான முடிவு, வழக்கை மாநில அரசியல் சட்டத்தின் மேல் மட்டுமே நிறுத்தியது. ‘தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும்’ என்ற 1790 காலத்து வரி அதில் இருக்கிறது. அதன் பொருளைச் சொல்லும் கடைசி அதிகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு. கூட்டாட்சி வழி அப்போது வழுக்கலாக இருந்தது. இதே மாநிலத்தின் முந்தைய வரைபடம் மீதான வழக்கை 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அளவுகோல் இல்லை என்று கைகழுவியிருந்தது. 2017 அக்டோபரில் விஸ்கான்சின் வழக்கு விசாரணையில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், திறன் இடைவெளி போன்ற அளவுகளைச் ‘சமூகவியல் பிதற்றல்’ என்ற பொருள்படக் குறிப்பிட்டார்.

டிசம்பரில் சாட்சியங்களைக் கேட்ட கீழ்நிலை நீதிபதி கெவின் பிராப்சன், சென்னும் பெக்டனும் சொன்னது நம்பத்தக்கது, கட்சி நோக்கம் நிரூபணமானது என்று எழுதினார். ஆனால் எந்த அளவு தாண்டினால் சட்டமீறல் என்று சொல்லச் சட்டத்தில் கோடு இல்லை என்று வரைபடத்தைக் காப்பாற்றப் பரிந்துரைத்தார். மாநில உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரி 22 அன்று அதை ஏற்காமல் வரைபடத்தை ரத்து செய்தது. செல்லாது என்பதில் ஐந்து நீதிபதிகள், அந்த ஆண்டுத் தேர்தலுக்கே மாற்ற வேண்டும் என்பதில் நான்கு. அங்கே நீதிபதிகளும் கட்சிச் சார்பில் தேர்தலில் நின்று வருபவர்கள். ஏழு பேரில் ஐவர் ஜனநாயகக் கட்சி வழியில் வந்தவர்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அது ஒதுக்கித் தள்ளக்கூடிய விமர்சனம் அல்ல. ஆனால் குடியரசுக் கட்சிப் பின்னணியிலிருந்து வந்த பிராப்சனும் சென், பெக்டன் கணக்குகளை நம்பினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தீர்ப்பு, கணிதத்தை நேரடி அளவுகோலாக்கவில்லை. ‘திறன் இடைவெளி இத்தனை சதவீதம் தாண்டினால் செல்லாது’ என்று எழுதவில்லை, நல்லவேளை. எண்ணை அறிவித்திருந்தால் அடுத்த வரைபடம் அந்த எண்ணுக்குப் பத்தில் ஒரு புள்ளி கீழே வந்து நிற்கும். சம மக்கள்தொகை, தொடர்ச்சி, கச்சிதம், ஊர்களை உடைக்காமை என்ற பழைய நிபந்தனைகளை அடித்தளமாக வைத்து, கட்சி லாபத்துக்காக அவை பின்தள்ளப்பட்டனவா என்பதற்குச் சென்னின் ஒப்பீட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டது. இந்த நிபந்தனைகளைப் பூர்த்தி செய்துகொண்டே ஏமாற்றவும் தொழில்நுட்பம் இடம் தரலாம் என்று எச்சரிக்கையும் செய்தது.

பிப்ரவரி 9 அன்று சட்டமன்றத் தலைவர்கள் தந்த மாற்று வரைபடத்தை ஆளுநர் டாம் வுல்ஃப் நிராகரித்தார்; அவருக்கு ஆலோசகராக இருந்தவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் மூன் டச்சின். அந்த வரைபடத்தில் கோடுகள் நேராகியிருந்தன, சாய்வு அப்படியே இருந்தது. கடைசியில் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் நேத்தனியல் பெர்சிலியின் உதவியோடு நீதிமன்றமே பிப்ரவரி 19 அன்று வரைபடம் வெளியிட்டது. உடைந்த கவுண்டிகள் 28இலிருந்து 13 ஆயின.

2018 நவம்பரில் 9–9. 2020இலும் 9–9. இதில் கைதட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 2018இல் ஜனநாயகக் கட்சிக்கு 55% வாக்கு, பாதி இடம். சுருக்கச் சூத்திரப்படி திறன் இடைவெளி மீண்டும் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக 10%. 2020இல் குடியரசுக் கட்சிக்குச் சற்றே கூடுதல் வாக்கு, அதே 9–9, இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும். வரைபடம் மாறவில்லை, எண் 10 புள்ளி ஆடியது. ஒரு தேர்தலின் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு

இன்றைக்கு இந்தச் சோதனைக்குத் திறந்த நிரல்கள் இருக்கின்றன. 2018இல் பாஸ்டனில் தொடங்கிய ஜெர்ரிசெயின் பலர் கையாள்வது. சாதாரண மடிக்கணினியே போதும். உழைப்பில் பெரும்பகுதி கணிதத்தில் போகாது, தரவைச் சீர்செய்வதில் போகும்.

வாக்குச்சாவடி எல்லைகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். எல்லைக் கோப்பும் முடிவுக் கோப்பும் வேறு வேறு அலுவலகங்களிலிருந்து வரும். பெயர் எழுத்து ஒத்துவராது. தபால் வாக்குகளைச் சில கவுண்டிகள் சாவடிவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக அறிவிக்கும். அவற்றைப் பங்கிட்டுச் சேர்க்காவிட்டால் ஒரு கட்சிக்குப் பாதகமாகக் கணக்கு சாயும். அடுத்தடுத்து இருக்கும் பகுதிகளின் வலைப்பின்னலை உருவாக்கும்போது, முனையில் மட்டும் தொடும் இரண்டு பகுதிகளை அண்டை என்று கொள்ளக்கூடாது. ஆற்றுத் தீவுகளுக்குப் பாலத்தைப் பார்த்துக் கையால் இணைப்புப் போட வேண்டும். கோப்புப் பிழையால் இரண்டு பகுதிக்கு நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் நிரல் அவற்றை அண்டை என்று ஏற்காது. அதைக் கவனிக்காமல் ஓடவிட்டால் நடை ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு, முடிவு மட்டும் கம்பீரமாக வெளிவரும்.

ஒரு சாவடியாக மாற்றும் நடையைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் எல்லைகள் நூல்சிக்கலாகிவிடும். காரணம், சாத்தியமான பிரிப்புகளில் மிகப் பெரும்பான்மை அலங்கோலமானவை, கச்சிதமானவை அரிது. வடிவ வரம்பு போட்டே ஆக வேண்டும். வரம்பை எங்கே வைத்தோம் என்பதால் முடிவு மாறக்கூடாது. மூன்று நான்கு வரம்புகளில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இதற்கு மாற்றாக டச்சின் குழுவினர் பரப்பிய ‘ரீகாம்’ முறை பெரிய அடியாக எடுத்துவைக்கிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு தொகுதிகளை ஒன்றாக்கி, அதற்குள் எல்லாப் பகுதிகளையும் வளையமில்லாமல் இணைக்கும் ஒரு மரத்தைக் குலுக்கலில் வரைந்து, மக்கள்தொகை சமமாகப் பிரியும் ஒரு கிளையை வெட்டுவது. கச்சிதமான துண்டுக்குள் இத்தகைய மரங்கள் மிக அதிகம் என்பதால் நல்ல வடிவம் தானாகவே வரும். சில பத்தாயிரம் அடிகளிலேயே முடிவுகள் நிலைகொள்வதைப் பார்க்கலாம். வெவ்வேறு தொடக்க வரைபடங்களிலிருந்து ஓட்டி, எல்லா ஓட்டங்களும் ஒரே பரவலில் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். சேராவிட்டால் அறிக்கை எழுத உட்காராதீர்கள்.

சாவடிகளை முழுசாக வைத்து நடப்பதால் மக்கள்தொகையில் ஓரிரு சதவீதத் தளர்வு கொடுக்க வேண்டியிருக்கும். சட்டப்படியான வரைபடமோ ஒரு ஆள் வரை சமம். ‘உங்கள் மாதிரிகள் எதுவுமே சட்டப்படி செல்லாது’ என்ற குறுக்குக் கேள்வி நிச்சயம் வரும். தளர்வை 2, 1, 0.5 சதவீதம் என்று இறுக்கிக்கொண்டே போய், இடக் கணக்கு மாறவில்லை என்று காட்டுவதே பதில்.

இதே கருவியைத் திருப்பியும் பிடிக்கலாம். லட்சம் வரைபடம் உருவாக்கி, அதில் தனக்கு லாபமான ஓரத்திலிருந்து, பார்க்க அழகான ஒன்றைப் பொறுக்குவது எந்தக் கட்சிக்கும் முடியும். அதனால்தான் தடுப்பு என்று வரும்போது, வரைபடம் யார் கையில் உருவாகிறது என்பதும் ஒப்பீடு சட்டமாவதற்கு முன்பே நடக்கிறதா என்பதும் பெரிதாகின்றன. மிச்சிகன் 2018 வாக்கெடுப்பில் இந்த வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கிக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்து, கட்சி நேர்மையை அளந்து பார்ப்பதையும் நிபந்தனையாக்கியது.

கணக்கு சரியாக இருந்தும் தோற்ற வழக்கு பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கு கரோலைனாவில் 24,518 மாதிரி வரைபடங்களில் 99 சதவீதத்துக்கு மேல், நடைமுறையில் இருந்ததைவிட ஜனநாயகக் கட்சிக்கு ஓர் இடமாவது கூடுதலாகத் தந்தன. 2019 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில், கட்சிச் சாய்வு வழக்குகள் கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை அல்ல என்று சொல்லிவிட்டது. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2022இல் மாநிலச் சட்டப்படி அத்தகைய வரைபடம் செல்லாது என்றது. நீதிபதிகள் மாறியதும் 2023 ஏப்ரலில் தன் தீர்ப்பையே திருப்பிக்கொண்டது. இடையில் கணிதம் எதுவும் மாறவில்லை.

பென்சில்வேனியாவுக்கு 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு 17 இடங்கள். ஆளுநரும் சட்டமன்றமும் ஒத்துவராததால் 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், ஸ்டான்ஃபோர்டின் ஜோனதன் ராடன் வரைந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தது. அதில் அலென்டவுன், பெத்லகேம், ஈஸ்டன் மூன்றும் 7ஆம் தொகுதியில் சேர்ந்தே இருக்கின்றன. 2022இல் அங்கே ஜனநாயகக் கட்சி இரண்டு புள்ளி அளவில் வென்றது, மாநிலத்தில் அதற்கு 9, குடியரசுக் கட்சிக்கு 8. 2024இல் அதே தொகுதியைக் குடியரசுக் கட்சி ஒரு புள்ளி அளவில் பிடித்தது, ஸ்க்ராண்டன் பக்கத்து 8ஆம் தொகுதியையும் சேர்த்து, மாநிலத்தில் அதற்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 7.